அறிவு உள்ளபோதே அறிவித்தல்

வாய்மை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார், தம் வீட்டுப் பெரியவருக்கு வந்த கொடிய நோயை அவரிடமே மறைப்பது தகுமா? இவ்வினா இன்று பல குடும்பங்களில் எழுகின்றது. எழுகின்றது என்பதைவிட, எழும்போதே அமுக்கப்படுகின்றது என்பது பொருந்தும். பரிசோதனை முடிவு வந்தவுடன் மகன் மருத்துவரைத் தனியே அழைத்து, "அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், ஐயா" என்று கேட்டுக்கொள்கிறார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்று, "சின்னக் கட்டிதானாம், மாமா" என்கிறார். அன்பு மிகுதியால் நிகழும் செயலே இது, ஐயமில்லை. ஆயினும் அன்பினால் செய்யப்பெற்றது என்ற ஒன்றாலேயே ஒரு செயல் அறமாகிவிடுமா என்பதை ஆராய்ந்து பார்ப்பது ஜினநெறியாளர்க்குக் கடமையாகும்.

எல்லா நோய்க்கும் பொதுவாக வைத்துப் பேசினால் பேச்சு பரந்துபோகும். ஆதலின் ஒரு நோயை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அரிதாகவே வருவது. வந்து முற்றினால் மூளையை நாடிச் செல்லும் இயல்பு மிகவும் உடையது. மெலனோமா என்னும் தோற்புற்றே அது.

தோலுக்கு நிறம் தரும் கலங்களை மெலனோசைட்டுகள் என்பர். அவை கட்டு மீறிப் பெருகுவதே மெலனோமா. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெண்ணிற மக்களிடையே வெயிலின் காரணமாக மிகுதியாகக் காணப்படும் இந்நோய் நம்மவரிடையே குறைவு. நம்மவர்க்கு வரும்போது பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில், அதாவது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றுகின்றது. தொடக்கத்தில் வலி இராது. கருமையான ஒரு கறை, அவ்வளவே. முள் குத்திய தழும்பு என்றும், நகத்தில் அடிபட்ட இரத்தக்கட்டு என்றும் கருதி விட்டுவிடுவர். (முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கும் நாம், உள்ளங்காலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்கின்றோமா?)

ஜமைக்கா நாட்டின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இவ்வகையே. 1977-ஆம் ஆண்டில் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் புற்று இருப்பது தெரியவந்தது. விரலையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறினர். தம் சமய நம்பிக்கையை முன்னிட்டு அவர் அதற்கு இசையவில்லை என்பர். நகமும் அதன் அடித்தோலும் மட்டும் நீக்கப்பட்டன. மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று பாடினார். 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரு பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். அப்போது நோய் மூளை வரை சென்றிருந்தது. 1981 மே 11 அன்று, 36-ஆம் வயதில், மயாமி நகரில் காலமானார். கால் விரலில் இருந்த ஒரு கறைக்கும் மூளைக்கும் எவ்வளவு தொலைவு! ஆயினும் குருதியின் வழியில் அத்தொலைவு ஒரு பொருட்டன்று.

மூளைக்கும் குருதிக்கும் இடையே இயற்கையாக அமைந்த ஒரு காவல் உண்டு. குருதியில் செல்லும் எல்லாப் பொருளையும் அது உள்ளே விடுவதில்லை. புற்றுக் கலங்களோ சில வேளைகளில் அதைக் கடந்துவிடுகின்றன. பிற உறுப்புகளிலிருந்து மூளைக்குப் பரவும் புற்றுகளில் நுரையீரல், மார்பகம் ஆகியவற்றின் புற்றுக்கு அடுத்த இடத்தில் மெலனோமா நிற்கின்றது. கருவில் நரம்பு மண்டலம் உருவாகும் விளிம்பிலிருந்தே மெலனோசைட்டுகளும் பிறந்து தோலுக்குச் செல்கின்றன என்று உயிர்நூலார் கூறுவர். பிறந்த இடத்தின் அண்டைக்கே மீண்டு வருவது போன்ற இச்செலவு வியப்புக்குரியது.

மூளையில் வேர்விட்டபின் என்ன நிகழும்? காலையில் தலைவலி, வாந்தி, சிலர்க்கு வலிப்பு, ஒரு பக்கத்துக் கைகால் தளர்ச்சி. இவை எல்லாரும் அறிந்தவை. குடும்பத்தார் அறியாதது இன்னொன்று. நெற்றிப் பக்கத்து மூளையில் கட்டி அமைந்தால் இயல்பே மாறிவிடலாம். வாழ்நாளெல்லாம் மென்மையாகப் பேசியவர் சுடுசொல் பேசுவார். ஈகைக் குணமுடையவர் யாரோ தம் பொருளைத் திருடிவிட்டதாகக் கூவுவார். மூளையின் வீக்கத்தைத் தணிக்கக் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தும், வீக்கத்தைக் குறைப்பதோடு, சிலர்க்கு உறக்கத்தைக் கெடுத்துச் சினத்தையும் மூட்டுகின்றது. நோயும் மருந்தும் சேர்ந்து அறிவைத் திரைபோட்டு மறைக்கும் நிலை இது.

நம் ஆகமம் இதைக் கேட்டு அதிர்ச்சி அடையாது. உடல், வாக்கு, மனம், மூச்சு ஆகிய நான்கும் புத்கலத்தின் பணிகள் என்று உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் அன்றே வகுத்தார். மனம் இருவகை. ஒன்று திரவிய மனம். அது பருப்பொருளாலாகிய கருவி. மற்றொன்று பாவ மனம். இங்குப் பாவம் என்பது தீவினை அன்று, கருத்து நிகழ்ச்சி. திரவிய மனம் இதயத்தில் எட்டிதழ்த் தாமரை வடிவில் உள்ளது என்று நம் முன்னோர் நூல்கள் கூறும். இன்றைய மருத்துவம் அதனைத் தலையில் காட்டும். இடத்தைக் குறித்து வாதிட்டுப் பொழுது போக்குவோரும் நம்மிடையே உளர். அவ்வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. நினைப்பதற்கு உயிர் ஒரு பருப்பொருட் கருவியைச் சார்ந்துள்ளது, அக்கருவி பழுதுபடக் கூடியது என்பதே இங்கு வேண்டப்படும் உண்மை. மதிஞானமும் சுருதஞானமும் பொறியையும் மனத்தையும் வாயிலாகக் கொண்டவை. வாயில் அடைபட்டால் உள்ளிருக்கும் அறிவுப் பண்பு அழிவதில்லை. ஆனால் அது வெளிப்பட்டுத் தொழிற்படும் வழி குன்றுகின்றது.

இதிலிருந்தே நம் வினாவின் கூர்மை புலப்படும். வேறு பல நோய்களில் இறுதி வரை அறிவு தெளிவாக இருக்கக்கூடும். "பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்று மகன் தள்ளிப்போட்டால், அந்தப் "பின்னர்" ஒருவேளை வரலாம். மூளைக்குச் செல்லும் நோயிலோ, செய்தி வீட்டுக்கு வந்த நாளுக்கும் கேட்பவர் செய்தியை ஏற்க இயலாமற் போகும் நாளுக்கும் இடையே ஒரு சிறு காலமே உண்டு. அக்காலம் யாருடையது? நோயாளியுடையது. அவர் அறியாமலே அதனை நாம் எடுத்துக்கொள்கின்றோம். கொடாததைக் கொள்ளுதல் களவு என்று நம் நூல்கள் இலக்கணம் கூறுகின்றன. பொன்னையும் நிலத்தையும் பற்றியே இதுவரை அவ்விலக்கணத்தை நாம் எண்ணி வந்தோம். ஒருவருடைய கடைசித் தெளிவான வாரங்களை அவர் கொடாமலே கொள்வதற்கு வேறு என்ன பெயர் இடுவது?

மறைப்போர் பக்கத்தில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைப் புறந்தள்ளல் ஆகாது. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், பிறர்க்குக் கேடு விளைக்கும் மெய்யையும் இல்லறத்தான் சொல்லலாகாது என்று சத்திய அணுவிரதத்தை வரையறுத்தார். நம் அருங்கலச்செப்பும் அவ்வழியே செல்வது. குறளின் வாய்மை அதிகாரமும் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்று கொள்கின்றது. "சொன்னால் அப்பா அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுவார், அப்படிப்பட்ட மெய்யைச் சொல்வது இம்சை அன்றோ?" என்று கேட்கும் மகனுக்கு இவையெல்லாம் துணை நிற்கின்றன.

ஆயினும் ஆசாரியர் கூறிய கேடு யாது என்று நோக்க வேண்டும். வேடன் கேட்க, மான் ஓடிய திசையைக் காட்டுவது கேடு. அங்கே மெய்யே கொலைக் கருவியாகின்றது. நோய்ச் செய்தியால் நோய் வளர்வதில்லை. அது துன்பம் தரும். துன்பம் வேறு, கேடு வேறு. கணக்கில் நட்டம் வந்ததை முதலாளியிடம் சொன்னால் அவர் துன்புறுவார்; அதற்காகக் கணக்கனைப் பொய்க் கணக்கு எழுதச் சொல்வோமா? மேலும் உண்மையில் நாம் அஞ்சுவது எதற்கு? பெரும்பாலும் அவருடைய துயரத்திற்கு அன்று. அவர் அழும்போது எதிரே அமர்ந்திருக்க வேண்டிய நம் நிலைக்கே அஞ்சுகின்றோம். கருணையின் ஆடையை உடுத்திக்கொண்டு வரும் இவ்வச்சத்தை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்வேன். "எனக்கு விவரம் எதுவும் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தம் வாயாலேயே கூறும் பெரியவர்கள் உளர். அவர்கள்மேல் செய்தியைத் திணிப்பது முறையன்று. அது அவராகக் கொடுத்த உரிமை; களவு ஆகாது. ஆனால் அவரைக் கேட்டறிந்த பின்னரே அவ்வாறு முடிவு செய்யலாம். கேளாமலே அவர் மனத்தை அறிந்தவர்போல் நடத்தல் கூடாது.

சொல்வதென்றால் எதைச் சொல்வது? இங்கு மறைத்தலுக்கு நேர் எதிரான இன்னொரு பிழையும் காத்திருக்கின்றது. "மூளைக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் இல்லை, இத்தனை நாள்தான்" என்று நாள் குறித்துவிடுவது. இதுவும் மெய்யன்று.

அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ஆம் ஆண்டில், தொண்ணூறாம் வயதில், மெலனோமா நோய் கல்லீரலில் கண்டறியப்பட்டது. பின்னர் மூளையிலும் நான்கு சிறு புள்ளிகளாகப் பரவியிருப்பது தெரிந்தது. ஆகஸ்டு 20 அன்று செய்தியாளர்களை அழைத்துத் தாமே அதனை அறிவித்தார். முதலில் தமக்கு இன்னும் இரண்டு மூன்று வாரங்களே உள்ளன என்று எண்ணியதாகவும், எனினும் மனம் அமைதியாக இருந்ததாகவும் கூறினார். அன்றே மூளைக்குக் கதிர்வீச்சு மருத்துவம் தொடங்கிற்று. பெம்ப்ரோலிசுமாப் என்னும் புதிய மருந்தும் கொடுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் எடுத்த ஸ்கேனில் மூளையில் நோயின் அடையாளமே இல்லை. அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2024 டிசம்பர் 29 அன்று, நூறு வயது நிறைந்தபின் காலமானார். எல்லார்க்கும் இவ்வாறு அமையும் என்று கூறுவது பொய். எவர்க்கும் அமையாது என்று கூறுவதும் பொய்.

மார்லியின் காலத்திற்கும் கார்ட்டரின் காலத்திற்கும் இடையே மருத்துவம் மாறிவிட்டது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைப் புற்று அடக்கி வைத்திருக்கும் தடையை விலக்கும் மருந்துகள் 2011 முதல் மெலனோமாவுக்கு வழக்கில் வந்தன. அவற்றுக்கு அடிகோலிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டே வெளியான ஓர் ஆய்வில், மெலனோமா மூளையில் பரவியிருந்தும் அறிகுறி தோன்றாதிருந்த 94 பேருக்கு இவ்வகை மருந்துகள் இரண்டு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. அவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு மூளையில் இருந்த கட்டிகள் சுருங்கின அல்லது நெடுங்காலம் வளராது நின்றன. அறிகுறிகள் தோன்றியபின் மருந்து ஏற்றவர்களுக்கு இப்பயன் மிகவும் குறைவு. அறிவு தெளிவாக உள்ள காலமே மருந்து பலிக்கும் காலமாகவும் இருப்பதைக் காண்க. அக்காலத்தில் நோயாளியிடம் எதுவும் கூறாமல் "சின்னக் கட்டி" என்று காலங்கடத்துவது இரண்டையும் இழப்பதாகும்.

இச்செய்தி சல்லேகனை பற்றிய நம் சிந்தனையையும் தொடுகின்றது. நீக்கவொண்ணாத இடையூறு, பஞ்சம், முதுமை, மாற்று இல்லாத நோய் ஆகியவை வந்துற்றபோது அறத்தின் பொருட்டு உடலை விடுதலைச் சமந்தபத்திரர் சல்லேகனை என்றார். மாற்று இல்லாத நோய் என்ற அடைமொழியைக் கவனிக்க வேண்டும். 1981-இல் மாற்று இல்லாதிருந்த நோய் 2015-இல் அவ்வாறு இல்லை. நூலின் சொல் மாறவில்லை. சொல்லின் பொருளுக்குள் அடங்கும் நோய்களின் பட்டியல் மாறுகின்றது. ஆகவே "புற்று மூளைக்குச் சென்றுவிட்டது" என்ற ஒரு செய்தியைக் கேட்ட அளவில் விரதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது பொறுப்பற்ற செயல். இவற்றோடு இன்னொரு கடினமான வினாவும் எழுகின்றது. இம்மருந்துகளின் விலை நம் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு எட்டாதது. மருந்து உலகில் இருந்து, வாங்க இயலாதவனுக்கு அந்நோய் மாற்று உள்ளதா, இல்லாததா? வீட்டை விற்று மருந்து வாங்கு என்று தந்தை மகனைக் கேட்க வேண்டுமா? அவ்வாறு கேட்கவும் மறுக்கவும் உரியவர் தந்தை ஒருவரே என்பது என் கருத்து. நோயின் பெயரே தெரியாதவர் எதைக் கேட்பார், எதை மறுப்பார்?

சல்லேகனை தெளிந்த அறிவோடு, குருவின் இசைவோடு, தானே ஏற்பது. சாரித்திர சக்கரவர்த்தி ஆசாரிய சாந்திசாகரர் 1955-இல் குந்தலகிரியில் சல்லேகனை ஏற்றதன் காரணத்தை நினைவுகூர்வோம். அவர்க்குக் கண்பார்வை மங்கிவந்தது. கண் இன்றி உயிர்களைக் காத்து நடத்தலும், உணவை ஆராய்ந்து ஏற்றலும் இயலா. அறிவு முழுத் தெளிவோடு இருந்தபோதே முடிவு செய்தார். முப்பத்தாறு நாள் நோன்பிருந்து செப்டம்பர் 18 அன்று சமாதி எய்தினார். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசாரியரின் நிசீதிகைக் கல்வெட்டைப் பார்த்து வந்த நம் குடும்பங்கள் பல. அத்தனை நாளையும் எண்ணி எண்ணி நோற்றவர் அறிவு மயங்கியவராக இருந்திருக்க முடியாது.

ஆதலின் ஒன்றை உறுதியாகக் கூறலாம். மூளை பழுதுபட்டபின் நோயாளி உணவைத் தள்ளிவிடுவது அனசனம் ஆகாது. அது நோயின் அறிகுறி. அவர் சார்பில் மகனோ மனைவியோ விரதம் ஏற்கவும் இயலாது. விரதம் பிறர் வாங்கித் தரும் பொருள் அன்று. "இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச்சேரலாம்" என்ற எண்ணத்தோடு ஏற்பதும் விரதத்தைக் கெடுக்கும். சாவை விரும்புதல் சல்லேகனையின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக உமாஸ்வாமியால் எண்ணப்பட்டுள்ளது. வாழ்வை விரும்புதலும் அப்பட்டியலிலேயே உள்ளது. கார்ட்டர் செய்தியாளர்களிடம் பேசிய அதே 2015 ஆகஸ்டு மாதத்தில், 10-ஆம் நாள் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாராவைத் தற்கொலையோடு ஒப்பவைத்துத் தீர்ப்பளித்தது. 31-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அவ்வழக்கின்போது தெருவில் இறங்கி ஊர்வலம் சென்ற நாம், தெளிந்த அறிவோடு ஏற்பது என்றே உலகுக்கு எடுத்துரைத்தோம். வீட்டுக்குள் நோயை மறைத்து, அத்தெளிவுக்கு உரிய காலத்தை நாமே பறித்துவிட்டால் அவ்வாதம் என்னாவது?

இனிச் சுடுசொல்லுக்கு வருவோம். நோய் முற்றி, தந்தை மகளை அடையாளம் தெரியாமல் வைகின்றார். இச்சினம் அவருடைய மோகனீய வினையின் உதயமா, உடல் நோயாகிய வேதனீயத்தின் விளைவா? அதனால் அவர்க்குப் புதிய வினை கட்டுமா? கற்றறிந்தவர்களும் இருபாலும் பேசுகின்றனர். கட்டும் என்போர், சினம் எழுந்தது எழுந்ததே, கருவி எதுவாயினும் ஆகுக என்பர். கட்டாது என்போர், நோயால் தூண்டப்பட்ட வாக்கின் அசைவில் உயிரின் கருத்து முழுதும் கலந்துள்ளது என்று எவ்வாறு அறிவது என்பர். நான் இரண்டாம் பக்கம் சாய்பவன். ஆயினும் பிறர் உள்ளத்தின் நிகழ்ச்சியை நம் போன்றோர் கண்டதில்லை. ஆதலின் என் சாய்வுக்கு மதிப்பு அதிகம் இல்லை. அந்த மகளின் நிலையோ ஐயத்திற்கு இடமில்லாதது. அவள் மூளையில் கட்டி இல்லை. அவள் திருப்பிச் சொல்லும் சொல் அவளுடையதே. பொறுமை குன்றிப் பிறகு தனியே அழும் மகள்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை கூற மனம் வரவில்லை. இரவு பகலாக ஒருவரே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை பழம் வாங்கி வந்து நலம் விசாரித்துச் செல்லும் மற்றப் பிள்ளைகளே அதற்குப் பெரிதும் பொறுப்பு.

உறவினரிடமும் ஏவலரிடமும் இனிய மொழியால் பொறை வேண்டித் தானும் பொறுத்தல் வேண்டும் என்று சல்லேகனைக்கு முன்னே செய்ய வேண்டியதைச் சமந்தபத்திரர் கூறியுள்ளார். விரதம் ஏற்பினும் ஏலாவிடினும் இது எல்லார்க்கும் உரியதே. பத்தாண்டு பேசாதிருந்த தம்பியை அழைத்துப் பேசவும், கடன் பத்திரத்தைக் கிழிக்கவும், மகனிடம் என்றோ கடிந்துகொண்டதற்கு வருந்தவும் ஒருவர்க்கு வாய்ப்பு வேண்டும். ஆண்டுதோறும் தசலட்சண பர்வத்தின் முடிவில் எல்லாரிடமும் பொறை வேண்டும் நாம், அவ்வழக்கம் எந்நாளுக்காகப் பயிற்சி தருகின்றது என்பதை மறந்துவிடுகின்றோம்.

மறைப்பதனால் விளையும் இன்னொரு தீங்கும் உண்டு. அதை எவரும் பேசக் கேட்டதில்லை. நாற்பது ஆண்டுகள் இரவு உண்ணாமை காத்த ஒரு பெரியவருக்கு வலிப்பு மாத்திரை தொடங்கப்படுகின்றது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், கதிர் எழுந்ததும் ஒன்று, மறைவதற்குச் சற்று முன் ஒன்று என்று அமைத்துக்கொள்ள வழி உண்டு. ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலும் நண்பகலிலும் கொடுப்பதே உறக்கத்திற்கும் நல்லது. மருத்துவரிடம் நம் வழக்கத்தை எடுத்துக் கூறினால் பெரும்பாலும் இசைவார். நோயை அறிந்தவர் இவற்றைத் தாமே கேட்டு அமைத்துக்கொள்வார். இரவில் கட்டாயம் ஒன்று உட்கொள்ள நேர்ந்தாலும், அறிந்தே உட்கொண்டு, பின் அதற்குரிய பிராயச்சித்தத்தைக் குருவிடம் கேட்டுப் பெறுவார். அறியாதவர்க்கோ, எதற்கு என்று கேட்பாரே என்று அஞ்சி, இரவு எட்டு மணிக்குப் பாலில் மாத்திரையைக் கரைத்து, "மருந்துத் தண்ணீர், மாமா" என்று கொடுக்கின்றனர். நாற்பது ஆண்டு விரதம் அன்று இரவு முறிகின்றது. முறித்தவர் அவர் அல்லர். முறிந்தது என்பதும் அவர்க்குத் தெரியாது.